உள்ளதா, நல்லதா

“உள்ளதச் சொல்லவா, நல்லதச் சொல்லவா?”

கீழ்வீட்டு அத்தையிடம் எதைப் பற்றிக் கருத்துக் கேட்டாலும் முதலில் இந்தக் கேள்விதான் வரும். தலையைச் சற்றே சாய்த்து, வலது புருவத்தை மட்டும் உயர்த்தி, பதில் ஏற்கெனவே தெரிந்தவரைப் போல் கேட்பார். அந்தப் புருவத்துக்கு முன்னால் நின்று “நல்லதச் சொல்லுங்க” என்று கேட்கும் துணிவு எங்கள் தெருவில் யாருக்கும் இருந்ததில்லை.

தஞ்சாவூரில் அவர்கள் வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அத்தை என்பது உறவு அன்று; வீட்டுக்காரம்மாவை அப்படி அழைக்கும்படி அம்மா பழக்கியிருந்தார். அவருடைய கணவர் மாமா ஆனார். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். செய்தித்தாளுக்குப் பின்னால் வசித்தவர் என்று சொன்னாலும் தவறில்லை. ஒரே மகன் பெங்களூரில் இருந்தான்.

அரிசி வியாபாரி தெருவுக்குள் வண்டியைத் திருப்பும்போதே அத்தை வாசலில் நிற்கிறாரா என்று பார்ப்பார். நின்றால் அவருக்கு அன்று நல்ல நாள் இல்லை. அத்தை மூட்டைக்குள் கைவிட்டு, நாலைந்து அரிசியை எடுத்து, முன்பல்லில் வைத்துக் கடிப்பார். கடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். அதற்குள் தெருப் பெண்கள் கூடிவிடுவார்கள்.

“பழைய அரிசிக்கா. குண்டு குண்டா பொங்கி வரும்,” என்பார் வியாபாரி.

“உள்ளதச் சொல்லவா?”

“நீங்க உள்ள போங்கக்கா. மத்தவங்க பாத்துக்கட்டும்.”

“போன தையில அறுத்தது தம்பி. இதப் பழசுன்னு சொன்னா அரிசிக்கே சிரிப்பு வரும்.”

வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

நாலாவது வீட்டுப் பையனைப் பற்றி விசாரிக்கக் கும்பகோணத்திலிருந்து பெண்வீட்டார் வந்தபோதும் அத்தையிடம்தான் வந்தார்கள். “பையன் தங்கம்,” என்றார் அத்தை. அவர்கள் மகிழ்ந்தார்கள். “பொழுது சாஞ்சா அந்தத் தங்கம் தரையில கெடக்கும்,” என்றார். சம்பந்தம் அன்றே முறிந்தது. பையனின் அம்மா அத்தையோடு பேசுவதை நிறுத்தினார். ஆனால் அதே அம்மா, தன் மகளுக்குப் பட்டுப்புடவை எடுத்து வந்தபோது, சரிகை அசல்தானா என்று பார்த்துவரச் சொல்லிப் புடவையை என் கையில் கொடுத்து அத்தையிடம் அனுப்பினார். அத்தையைப் பிடிக்காதவர்களும் அத்தையின் வாயை நம்பினார்கள்.

அந்த வாய் தன் சொந்த உடம்பைப் பற்றிப் பேசியபோது மட்டும் ஒருவரும் நம்பவில்லை.

ஒரு மார்கழிக் காலையில், தெரு முழுவதும் போர்வைக்குள் இருந்த நேரத்தில், அத்தை கூடத்து மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டு அதன் நேர்கீழே நின்றிருந்தார். கோலமாவு கேட்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கழுத்திலிருந்து முகம்வரை ஒரு சிவப்பு ஏறியது. ஏறியது என்பதற்குமேல் துல்லியமான சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பிறகு அது இறங்கியது. அத்தை நடுங்கத் தொடங்கினார். மின்விசிறியை நிறுத்திவிட்டு மாமாவின் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“உள்ளுக்குள்ள யாரோ அடுப்பு மூட்டுறாங்க பாப்பா. மூட்டிட்டு, தண்ணிய ஊத்தி அணைக்கிறாங்க. திரும்பவும் மூட்டுறாங்க.”

மாதவிலக்கு ஒழுங்கு தப்பத் தொடங்கிய பிறகு வந்தது அது. பின்னர் மாதவிலக்கு நின்றது, அது நிற்கவில்லை. தூக்கம் போயிற்று. முழங்கை, விரல் மூட்டு என்று ஒவ்வொன்றாக வலித்தன. பால்காரரின் பெயரை மறந்து வாசலில் திகைத்து நின்றார். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை என்று மாமா சொன்னதற்குக் குழம்புச் சட்டியையே முற்றத்தில் வீசினார். பிறகு அந்தப் புளித்தண்ணீருக்கு நடுவில் உட்கார்ந்து, தானே அள்ளி, தானே துடைத்தார். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்.

பக்கத்திலிருந்த மருத்துவர் சத்து மாத்திரை எழுதினார். “வயசாகுதுல்லம்மா, எல்லாருக்கும் உள்ளதுதான்,” என்றார். இன்னொருவர் தூக்கத்துக்கு எழுதினார். அதை விழுங்கிவிட்டு அத்தை பகலெல்லாம் நீருக்கடியில் நடப்பவரைப் போல் நடந்தார். இரவில் வியர்வை மட்டும் மறக்காமல் வந்தது. பூதலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மாமாவின் தங்கை வந்திருந்தபோது எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“எங்களுக்கெல்லாம் நிக்கலையா அண்ணி? வயல்ல ஆள் விட்டுக்கிட்டே, வரப்புல நின்னுகிட்டே தாண்டிட்டோம். உங்களுக்கு வேலை கம்மி. அதான் உடம்ப நெனச்சுக்கிட்டே இருக்கீங்க.”

“நெனைக்கலடி. எரியுது.”

“எரியுதுன்னு நெனைக்கிறீங்க.”

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

ஆனி மாதம், ஊருக்குள் ஓடும் கால்வாயான புது ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். கல்லூரியிலிருந்து நண்பகலில் திரும்பியவள், படித்துறையில் புடவையோடு இடுப்பளவு நீரில் நிற்கும் ஒருத்தியைப் பார்த்தேன். துவைக்கும் துணி ஏதும் அருகில் இல்லை. கிட்டே போனபோதுதான் அத்தை என்று தெரிந்தது. நீர் வண்டல் நிறத்தில் வேகமாக ஓடியது. அவர் கரையைப் பார்க்காமல் ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அத்தை, மேல வாங்க.”

“இங்கதான் பாப்பா எரியல.”

“தண்ணி இழுக்குது. வாங்க அத்தை.”

“ஆமா, இழுக்குது.” ஒரு கை நீரை அள்ளிக் கழுத்தில் விட்டுக்கொண்டார். “இன்னும் ரெண்டு படி எறங்கிட்டா மொத்தமும் குளுந்துடும்னு தோணுது. தெனமும் தோணுது.”

புத்தகப் பையைப் படியில் வைத்துவிட்டு நானும் இறங்கி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தேன். அது கொதித்தது. அத்தை திரும்பி என்னைப் பார்த்தார்.

“பயந்துட்டியா? நீ கேக்காமலே உள்ளதச் சொல்லிட்டேன்.”

அன்று மாலையே நான் தேடத் தொடங்கினேன். இந்தத் துன்பத்துக்கென்றே நாள் ஒதுக்கிப் பார்க்கும் பெண் மருத்துவர் ஒருவர் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருப்பதாகத் தெரிந்தது. வேறொரு பெண்ணாயிருந்தால் வீட்டில் கோவிலுக்கு என்று சொல்லிப் புறப்பட்டிருப்பாள். அத்தை மாமாவின் முன்னால் நின்று, “எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதுக்கு முன்னாடி திருச்சிக்குப் போயி ஒரு டாக்டரப் பாக்கப் போறேன். வர்றீங்களா?” என்று கேட்டார்.

“பாப்பாவக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா,” என்றார் மாமா.

அந்த அறையில் மருத்துவர் கேட்டவையும் அத்தை சொன்னவையும் எனக்கு வரிசையாக நினைவிருக்கின்றன. அவை அனைத்தையும் எழுத மாட்டேன். திருமண வாழ்வைப் பற்றிய கேள்வி வந்தபோது நான் எழுந்தேன். “இருக்கட்டும், அவளும் பொம்பளதான்,” என்று அத்தை என்னை உட்காரவைத்தார். நான் சுவரிலிருந்த கருப்பைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. அத்தை பேசி முடித்ததும் பேனாவை மூடி வைத்தார்.

“நீங்க சொல்றது எல்லாமே நெஜம்தாம்மா. ஹார்மோன் கொறைஞ்சுபோனதால வர்றது. இதுக்கு வைத்தியம் இருக்கு.”

அத்தை அழுத விதம் எனக்குப் புதிது. வைத்தியம் இருக்கிறது என்பதற்காக அவர் அழவில்லை. பேருந்தில் திரும்பும்போது, “நெஜம்னு சொன்னாங்கள்ல?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். செங்கிப்பட்டி தாண்டும்வரை நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

இரத்தம், மார்பகம், கருப்பை எல்லாவற்றையும் பரிசோதித்த பிறகு, குடும்பத்தில் யாருக்கேனும் மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டோ இருந்ததா என்று விசாரித்த பிறகுதான், அடுத்த முறை ஹார்மோன் மாத்திரைகளை எழுதினார் மருத்துவர். ஓர் அட்டையில் இரண்டு நிறம். முதலில் ஒரு நிறம் முடிய வேண்டும், பிறகு மற்றது.

“உங்களுக்கு நின்னு இன்னும் வருஷம் திரும்பலை. அதனால இந்த முறைதான் தர்றேன். அட்டை முடியிறப்ப மாசாமாசம் கொஞ்சம் ரத்தம் படும். பயப்படாதீங்க, பின்னாடி படாத மாதிரி மாத்திக்கலாம். ஒண்ணே ஒண்ணு, நடுவுல நீங்களா நிறுத்தாதீங்க. நிறுத்தினா அப்பவே பட ஆரம்பிச்சிடும். எதுவா இருந்தாலும் எனக்குப் போன் பண்ணுங்க.”

சில வாரங்களில் அத்தை தூங்கினார். அம்மா அதைத்தான் முதலில் கவனித்தார்: “கீழ விடியக்காலையில பாத்திரச் சத்தமே இல்லையே.” பால்காரரின் பெயர் திரும்ப வந்தது. அரிசி வியாபாரி மீண்டும் அடுத்த தெருவுக்கு விரட்டப்பட்டார். நான் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்வதைக் கேட்டுவிட்டு, “உள்ளதச் சொல்லவா? நீ பேசல பாப்பா, புஸ்தகம் பேசுது,” என்றார். அவர் என்னைப் புண்படுத்தியதில் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி இருந்தது.

மாமாவுக்கு அறுபது நிறையும் ஆண்டு அது. அவருடைய அப்பா அறுபதைப் பார்க்காமலே இறந்தவர். மாமாவின் அமைதிக்குள் இருந்தது அந்த ஒரே பயம் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்து, மனைவியோடு கலச நீராடி, மறுபடி தாலி கட்டினால் ஆயுள் நீளும் என்று அவர் முழுமையாக நம்பினார். பிறந்த மாதத்தில் பிறந்த நட்சத்திரம் வரும் நாளில்தான் அதைச் செய்ய வேண்டும். நாளைத் தள்ள முடியாது. பொதுவாக எந்த விசேஷத்துக்கும் வீட்டுப் பெண்களின் நாளைக் கேட்டுக்கொள்வார்கள். அத்தையிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்குத்தான் நின்றுவிட்டதே.

பத்திரிகை வைக்கும் வேலைக்காக வந்து தங்கியிருந்த மாமாவின் தங்கை, அடுப்படி அலமாரியில் அட்டையைப் பார்த்தார்.

“இது என்ன மாத்திரை அண்ணி?”

சத்து மாத்திரை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் அதைச் சொல்லிவிடமாட்டாரா என்று அவரைப் பார்த்தேன். அத்தையின் வலது புருவம் உயர்ந்தது.

“உள்ளதச் சொல்லவா, நல்லதச் சொல்லவா?”

உள்ளதைச் சொன்னார். மாதம் ஒருமுறை படும் என்பது உட்பட.

“ஐயோ! நின்னுபோனத யாராச்சும் காசு குடுத்துத் திரும்ப வரவழைப்பாங்களா? அண்ணனுக்குக் கலசம் வச்சிருக்கு, ஹோமம் வச்சிருக்கு…”

“அது அடுத்த வாரம்தான் வரும். அதுக்குள்ள விசேஷம் முடிஞ்சிடும்.”

“வந்துட்டா? கோயில்ல வச்சு வந்துட்டா? நிறுத்துங்க அண்ணி. இன்னிக்கே நிறுத்துங்க.”

“நிறுத்தினாத்தான்டி வரும். டாக்டரம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க.”

“அது எப்படி? மாத்திரை போட்டதால வந்தது, நிறுத்தினா நிக்கத்தானே செய்யும்? இதுக்கு டாக்டர் வேற படிக்கணுமா?”

டாக்டருக்குப் போன் செய்து கேட்போம் என்று நான் சொன்னேன். “பாப்பா, இது குடும்ப விஷயம்,” என்றார் மாமாவின் தங்கை. அன்று மாலை மாமா அலமாரியிலிருந்து அட்டையை எடுத்துத் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். அத்தையிடம் கோபமாகப் பேசவில்லை. கெஞ்சினார். அதுதான் அத்தையால் தாங்க முடியாததாக இருந்தது என்று நினைக்கிறேன்.

“எனக்காக. விசேஷம் முடியிற வரைக்கும். எங்கப்பா மாதிரி ஆயிடுவேனோன்னு…”

“நிறுத்தினா வந்துடும்ங்க. நான் சொல்றத நம்புங்க,” என்றார் அத்தை.

மாமா சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நம்பவில்லை.

திருக்கடையூரில் விடுதி அறையில், விடியும் முன்பே குளித்து, உறவுக்காரர்கள் மாலையும் சீர்த்தட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கிய பிறகு, அத்தை என்னை மட்டும் நிறுத்தினார்.

“கதவச் சாத்து பாப்பா.”

சாத்தினேன்.

“வந்துடுச்சு.”

வெளியே நாதஸ்வரம் கேட்டது. ஒரே நாளில் எத்தனையோ வீட்டு அறுபதாம் கல்யாணம் நடக்கும் ஊர். எந்தச் சத்தம் எங்களுடையது என்று தெரியவில்லை. அத்தை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் அந்தச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. மாத்திரை நின்றதும் நெருப்பும் திரும்பியிருந்தது.

“சொன்னா விசேஷம் இப்பவே நின்னுடும். அவரு அடுத்த வருஷம்வரைக்கும் சாவ எண்ணிக்கிட்டே உக்காந்திருப்பாரு. பழி மாத்திரை மேல வரும். நிறுத்தினதாலதான் வந்துச்சுன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.” கதவைப் பார்த்தார். “சொல்லலன்னா…”

சொல்லாமலிருந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் அதுவரை அதைச் செய்து பார்த்ததில்லை.

கதவு தட்டப்பட்டது. “அண்ணி, குருக்கள் கூப்பிடுறாரு!”

கலச நீராடலுக்கென்று மாமாவின் தங்கை எடுத்து வைத்திருந்தது சந்தன நிறப் புடவை. அத்தை பெட்டியைத் திறந்து தன் பழைய அரக்குப் புடவையை எடுத்தார். “இதக் கட்டிவிடு,” என்றார். என் விரல்கள் கொசுவத்தைச் சரியாகப் பிடிக்கவில்லை. அவரே பிடித்துக்கொண்டார்.

பிராகாரத்தில் ஹோமப் புகை கண்ணைக் கரித்தது. அத்தை அக்கினிக்கு முன்னால், மாமாவுக்கு வலப்புறம் அமர்ந்திருந்தார். வெளியிலிருந்து ஒரு தீ, உள்ளிருந்து ஒரு தீ. முகத்தில் வழிந்ததைப் புகை என்றே எல்லோரும் எண்ணினார்கள். குருக்கள் சொல்லச் சொல்ல மாமா மந்திரத்தைக் குழந்தையைப் போல் திருப்பிச் சொன்னார். பிறகு உறவுக்காரர்கள் வரிசையாக வந்து கலசநீரை இருவர் தலையிலும் ஊற்றினார்கள். என் முறை வந்தபோது நானும் ஊற்றினேன். நீரில் அத்தையின் தோள் நடுங்கியது. அரக்குப் புடவை நனைந்து இன்னும் கருத்தது. அவர் காலடியில் ஓடிய நீரைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தெளிவாகவே ஓடியது.

மாமா தாலி கட்டியபோது அவர் கை உறுதியாக இருந்தது. அந்த ஆண்டில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் தஞ்சாவூரில் உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு. கூடத்தில் பந்தி. மாமாவின் தங்கை எல்லோரும் கேட்கும்படிச் சொன்னார்:

“பாத்தீங்கல்ல? மாத்திரைய நிறுத்தினோம், ஒண்ணும் வரல. அண்ணி எவ்வளவு சாந்தமா உக்காந்திருந்தாங்க! இதுக்குப் போயி திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் அலைஞ்சாங்க.”

“ஆமா,” என்றார் மாமா. நெடுநாளைக்குப் பிறகு அவர் குரலில் ஒரு தெம்பு இருந்தது. “இனிமே அது எதுக்கு? விட்டுடேன்.”

அத்தை ரசம் பரிமாறிக்கொண்டிருந்தார். கரண்டியை வாளிக்குள் வைத்தார். நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. முந்தின இரவும் அவர் தூங்கவில்லை. இனி வரும் இரவுகளும் அவர் கண்முன்னே தெரிந்திருக்க வேண்டும். படித்துறை தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தது.

“ஏங்க,” என்றார். “உள்ளதச் சொல்லவா, நல்லதச் சொல்லவா?”

பந்தியில் சிரிப்பு எழுந்தது. “ஆரம்பிச்சுட்டாங்கப்பா!” என்றார் யாரோ.

மாமா சிரிக்கவில்லை. அத்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் அந்த முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. விசேஷத்தில் அவர் மணிக்கட்டில் கட்டிய மஞ்சள் காப்புக் கயிற்றை மற்றொரு கையின் விரல்கள் தேடிப் பிடித்துக்கொண்டன. முகத்தின் தெம்பு மெல்ல வடிந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. தங்கைக்குப் புரியவில்லை, பந்தியில் வேறு எவருக்கும் புரியவில்லை.

“நல்லதையே சொல்லு,” என்றார்.

அத்தையிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுவே முதல்முறை. அவர் வாளியிலிருந்து கரண்டியை எடுத்தார்.

“எல்லாம் நல்லபடியா நடந்துச்சு,” என்றார். அடுத்த இலைக்கு நகர்ந்தார்.

மறுநாள் காலை மாமா பீரோவைத் திறந்தார். காபி டம்ளருக்கு அருகில் அட்டையை வைத்தார். “டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு ஆரம்பி,” என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அத்தை பேசினார். மருத்துவரிடம் எதையும் மறைக்கவில்லை. எப்போது தொடங்க வேண்டும் என்று கேட்டு அப்படியே தொடங்கினார். அவருக்குத் தூக்கம் திரும்பிற்று. அந்தக் காலைக்குப் பிறகு அதைப் பற்றி மாமாவுக்கும் அவருக்குமிடையே ஒரு சொல்லும் நடந்ததாகத் தெரியவில்லை. மஞ்சள் காப்பு நைந்து நூலாகும்வரை மாமா அதைக் கழற்றவில்லை. அட்டையைத் திருப்பிக் கொடுத்தது இரக்கமா, சொல்லாதிருந்ததற்கு ஈடா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்வதற்குச் சில நாள் முன்பு அரிசி வண்டி தெருவுக்குள் வந்தது. அத்தை வாசலில் நிறைந்த முகத்தோடு, நன்றாக உறங்கி எழுந்தவராக நின்றிருந்தார். வியாபாரி வண்டியைத் திருப்பப் பார்த்தார். அதற்குள் தெருப் பெண்கள் மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். நாலாவது வீட்டு அம்மாதான் ஒரு பிடி அள்ளி, பழைய சண்டையை மறந்து, அத்தையிடமே நீட்டினார்.

“எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லுங்க.”

அத்தை உள்ளங்கையில் வாங்கினார். விரலால் ஒருமுறை அளைந்தார்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார்.

அரிசியைக் கடித்துப் பார்க்கவில்லை.